ஸ்டீல் கிட்டாருக்கு டோன் பார் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவாயன் கிட்டார், மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீல், உலோகத் தட்டால் ஒலி பெருக்கும் டோப்ரோ, காலால் மிதிக்கும் பெடல் உள்ள பெடல் ஸ்டீல் எனப் பல பெயர்களில் வழங்கும் ஸ்டீல் கிட்டார் குடும்பத்தில் எதை வாசிப்பவராக இருந்தாலும், இடக்கையில் பிடித்துத் தந்திமேல் நகர்த்தும் துண்டான பாரைப் பற்றிய கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. கருவியோடு வந்த பாரையே ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு, சுருதி சேரவில்லை, நாதம் நிற்கவில்லை என்று தன் கையை நொந்துகொள்பவர்கள் பலர். கை தேறுவதற்குப் பொருத்தமான பாரும் வேண்டும் என்பதால்தான் இந்தக் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

டோன் பார் என்பது என்ன? அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் என்ன?

சாதாரணக் கிட்டாரில் இடக்கை விரல் தந்தியை அழுத்துகிறது. ஆனால் தந்தியின் அதிரும் நீளத்தை வரையறுப்பது கழுத்தில் குறுக்காகப் பதிந்திருக்கும் உலோகக் கம்பியான ஃப்ரெட். ஸ்டீல் கிட்டாரில் தந்திகள் கழுத்துக்கு மேலே உயரமாக நிற்பதால் ஃப்ரெட்டைத் தொடுவதே இல்லை. அங்கே ஃப்ரெட் வெறும் அடையாளக் கோடு மட்டுமே. கையில் இருக்கும் உலோகத் துண்டுதான் தந்தியின் ஒரு முனையாக நின்று சுருதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே பாரின் எடை, வழவழப்பு, நேர்த்தன்மை ஆகிய மூன்றும் ஒவ்வொரு சுரத்திலும் ஒலிக்கின்றன. தந்தியின் அதிர்வை மின் குறியாக்கும் பிக்கப்பை மாற்றுவதற்கும் ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதற்கும் பெருந்தொகை செலவிடுவதற்கு முன்னால் பாரை மாற்றிப் பார்ப்பது நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இந்த வாசிப்பு முறையைத் தொடங்கிவைத்தவராகப் பரவலாகக் கருதப்படும் ஜோசஃப் கெகுகு, ஹவாயின் ஒவாஹு தீவைச் சேர்ந்தவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பள்ளி மாணவராக இருந்தபோது, சீப்பு, பேனாக்கத்தி போன்றவற்றைத் தந்திமேல் வைத்துப் பார்த்து, பிறகு பள்ளிப் பட்டறையில் ஒரு எஃகுத் துண்டைச் செய்துகொண்டார் என்பது ஹவாய்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அந்த முதல் தலைமுறையே பொருளையும் வடிவத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்துத்தான் எஃகுக்கு வந்து சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எத்தனை வடிவங்கள் உள்ளன? எது எதற்கு உரியது?

முக்கியமானவை இரண்டு, மற்றவை இவ்விரண்டின் கலப்புகள்.

முதலாவது, புல்லட் பார். முழு உருளை; ஒரு முனை துப்பாக்கிக் குண்டு போல உருண்டு முடியும், மறு முனை தட்டையாக இருக்கும். தட்டை முனையில் கட்டைவிரல் பதியும்படி ஒரு சிறு குழி பெரும்பாலும் இருக்கும். பாரை இழுத்துச் சாய்ப்பதற்கு அது பயன்படும். இரு முனைகளும் உருண்டவையும் உண்டு. பெடல் ஸ்டீல் வாசிப்பவர்கள் ஏறத்தாழ அனைவரும், மின்னொலி லேப் ஸ்டீல் வாசிப்பவர்களில் பெரும்பாலானோரும் இதையே பயன்படுத்துகிறார்கள். உருளை என்பதால் தந்திமேல் உருட்ட முடியும். ஹவாயன் இசையில் கேட்கும் அந்த மென்மையான வைப்ராட்டோ, அதாவது சுரத்தின் சிறு அசைவு, இப்படி உருட்டியும் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தியும் பிறக்கிறது. உருண்ட முனை இருப்பதால் பாரைச் சாய்க்கும்போது அது தந்தியில் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்கிறது.

இரண்டாவது, ஸ்டீவன்ஸ் வகை. அடிப்பக்கம் மட்டும் வளைந்து, இரு பக்கவாட்டிலும் விரல் பிடிக்கும் நீண்ட பள்ளங்களும், மேலே ஆள்காட்டி விரல் அமரும் பள்ளமும் கொண்டது. முனைகள் வெட்டியது போல் நேராக இருக்கும். இதைத் தண்டவாளத் துண்டின் குறுக்குவெட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம். புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டார் இசையில் டோப்ரோ வாசிப்பவர்களின் பார் இது. 1955இல் ஃபிளாட், ஸ்க்ரக்ஸ் இருவரின் புளூகிராஸ் குழுவில் சேர்ந்த ஜாஷ் கிரேவ்ஸ், பாஞ்சோவின் மூன்று விரல் மீட்டலை டோப்ரோவுக்குக் கொண்டுவந்த பிறகு, வேகமான ஹாமர்-ஆன், புல்-ஆஃப் ஆகியவை அந்தக் கருவியின் அன்றாட மொழியாகிவிட்டன. பாரைத் தூக்கித் தந்தியில் தட்டுவதற்கும், திறந்த தந்தி ஒலிக்கும்படி அதைச் சட்டென்று பிடுங்குவதற்கும் கையில் நன்றாகப் பிடிபடும் வடிவமும் கூரான விளிம்பும் தேவை. புல்லட் பாரால் இதைச் செய்யலாம். ஆனால் ஈரமான விரல்களோடு அந்த வேகத்தில் செய்வது கடினம்.

கலப்பு வடிவங்களில், பக்கவாட்டில் பிடிப்பதற்கான பள்ளமும் ஒரு முனையில் புல்லட் உருண்டையும் சேர்ந்து அமைந்தவை இருக்கின்றன. டன்லாப், ஷப் போன்ற நிறுவனங்கள் இவற்றில் பல மாதிரிகளை விற்கின்றன. டோப்ரோவும் லேப் ஸ்டீலும் இரண்டும் வாசிப்பவர்களுக்கு இது நியாயமான நடுவழி. ஒரே ஒரு கருவியை ஆழமாகப் பயில்பவர்கள் அந்தக் கருவிக்கு உரிய வடிவத்தையே எடுத்துக்கொள்ளட்டும் என்பது என் கருத்து.

என் கருவிக்கு எந்த அளவு பார் வாங்க வேண்டும்?

கருவியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு அளவுகோலால் அளந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. முதல் தந்தியிலிருந்து கடைசித் தந்தி வரையுள்ள குறுக்குத் தூரத்தை, நீங்கள் வாசிக்கக்கூடிய மிக உயர்ந்த ஃப்ரெட் அருகே அளக்கவும். பல கருவிகளில் தந்திகள், உடல்பக்கத்தில் அவற்றைத் தாங்கும் பாலத்தை நோக்கிச் செல்லச் செல்ல விரிவதால், தலைப்பக்கம் அளந்தால் குறைவாகக் கிடைக்கும். அந்தத் தூரத்தைவிடச் சுமார் 12 முதல் 20 மி.மீ. வரை நீளமான பார் போதும்.

வழக்கில் உள்ள அளவுகள் இவை. ஆறு தந்தி லேப் ஸ்டீலுக்கு முக்கால் அங்குல விட்டமும், அதாவது 19 மி.மீ., 70 முதல் 76 மி.மீ. வரை நீளமும். எட்டுத் தந்திக்கு 19 முதல் 22 மி.மீ. வரை விட்டமும், 76 முதல் 83 மி.மீ. வரை நீளமும். பத்துத் தந்தி பெடல் ஸ்டீலுக்கு 22 அல்லது 24 மி.மீ. விட்டமும், 83 முதல் 86 மி.மீ. வரை நீளமும். பன்னிரண்டு தந்திக் கருவிக்கு ஒரு அங்குல விட்டமும் அதற்கேற்ற கூடுதல் நீளமும்.

தந்திகளின் அகலத்தைவிட நீளம் ஏன் அதிகமாக வேண்டும் என்றால், பார் எப்போதும் நேராக இருப்பதில்லை. பெடல் இல்லாத கருவியில், சேர்ந்து ஒலிக்கும் பல இணைச்சுரங்களைப் பெற, பாரைச் சாய்த்து ஒரு தந்தியை ஒரு ஃப்ரெட்டிலும் இன்னொன்றை அடுத்த ஃப்ரெட்டிலும் பிடிக்கிறார்கள். அமெரிக்க ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெர்ரி பர்ட் போன்ற மேதைகளின் வாசிப்பே இந்தச் சாய்வுகளின்மேல் நின்றது. 52 மி.மீ. அகலமுள்ள தந்தி வரிசையை 30 பாகை சாய்த்து முழுவதும் மூட வேண்டுமென்றால் பாரின் தொடும் பகுதி 60 மி.மீ. இருக்க வேண்டும், உருண்ட முனை தந்தியைத் தொடாது என்பதால் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சாய்வின் கோணம் கழுத்தில் இடத்துக்கு இடம் மாறுவதையும் இங்கே சொல்ல வேண்டும். 22.5 அங்குல நீளத் தந்தியில் தொடக்கத்திலிருந்து முதல் ஃப்ரெட் வரை ஏறத்தாழ 32 மி.மீ. தூரம் இருக்கிறது, 12ஆம் ஃப்ரெட்டுக்கும் 13ஆம் ஃப்ரெட்டுக்கும் இடையே 16 மி.மீ. மட்டுமே. ஒன்றுக்கொன்று 18 மி.மீ. தள்ளியிருக்கும் இரண்டு தந்திகளில் ஒரு ஃப்ரெட் வேறுபாடு பிடிக்க, 12ஆம் ஃப்ரெட் அருகே 42 பாகை சாய்த்தால் போதும். முதல் ஃப்ரெட் அருகே 60 பாகைக்கு மேல் சாய்க்க வேண்டும். தொடக்கநிலையில் உள்ளவர்கள் சாய்வுகளை 12ஆம் ஃப்ரெட் பக்கமே பயில்வதன் காரணம் இதுதான். மெல்லிய, சற்றே குட்டையான பார் இந்தக் கோணங்களில் கையில் எளிதாகத் திரும்பும். பெடல் ஸ்டீலில் சுரங்களை மாற்றும் வேலையைப் பெடலும் முழங்கால் நெம்புகோலும் பெரும்பாலும் செய்துவிடுவதால், அங்கே பார் தடித்தும் கனத்தும் இருந்தாலும் இடைஞ்சல் குறைவு.

தேவைக்கு மேல் நீளமான பாரும் நல்லதல்ல. ஒரே ஒரு தந்தியை முனையால் தொட்டு வாசிக்கும்போது, மிச்ச நீளம் எதிர்ப்பக்கம் தொங்கிக் கையின் சமநிலையைக் குலைக்கும். விட்டம் மிகவும் பெரிதானால் ஃப்ரெட் கோட்டை மறைத்துவிடும். 12ஆம் ஃப்ரெட் அருகே ஒரு மி.மீ. விலகல் என்பது அரைச் சுரத்தில் பதினாறில் ஒரு பங்கு. நீண்ட கார்வையில் அதைக் காது நிச்சயம் கண்டுபிடிக்கும். எந்த விட்டமாக இருந்தாலும் தலையைச் சற்றுக் குனிந்து, பாரின் நடுக்கோடு ஃப்ரெட் கோட்டின் நேர்மேலே இருப்பதைப் பார்த்துப் பழக வேண்டும். சாதாரணக் கிட்டாரில் விரல் ஃப்ரெட்டுக்குப் பின்னால் விழுமே, அந்தப் பழக்கம் இங்கே சுருதியைத் தாழ்த்திவிடும்.

எடை எவ்வளவு இருக்க வேண்டும்? கனமான பாரில்தான் நாதம் நீடிக்கும் என்கிறார்களே?

அது உண்மைதான். தந்தியின் அதிர்வு பாரை வந்து மோதும்போது, பார் அசையாமல் நின்றால் அந்த ஆற்றல் மறுபடி தந்திக்கே திரும்புகிறது. பார் இலேசாக இருந்தால் அதுவும் சேர்ந்து அசைந்து, அந்த அசைவு விரல் சதையில் கரைந்துவிடுகிறது. ஆகவே கனம் கூடக்கூட நாதம் நீடிக்கும். தாழ்ந்த சுரங்களின் அடர்த்தியும் கூடும்.

எடையைக் கடைக்குப் போகாமலே கணக்கிடலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.9 கிராம். 19 மி.மீ. விட்டமும் 73 மி.மீ. நீளமும் கொண்ட உருளை சுமார் 163 கிராம், 22 மி.மீ. விட்டம், 83 மி.மீ. நீளம் என்றால் 249 கிராம். அதே நீளத்தில் 24 மி.மீ. விட்டம் என்றால் 297 கிராம், 25 மி.மீ. விட்டம், 86 மி.மீ. நீளம் என்றால் 333 கிராம். முனையை உருட்டுவதாலும் பின்குழியாலும் இவற்றில் சிறிது குறையும். விட்டத்தில் இரண்டு மி.மீ. கூடினாலே எடை 48 கிராம் ஏறிவிடுவதைப் பாருங்கள். விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எடை கூடுவதால், சிறிய மாற்றமும் கைக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் கனத்துக்கு விலை உண்டு. வேகமாக நகரும் பாடல்களில் கனமான பார் வேண்டிய இடத்தில் நிற்காமல் சற்றுத் தாண்டிப் போகும். மணிக்கட்டும் கட்டைவிரல் அடிப்பகுதியும் களைக்கும். தந்தி உயரம் குறைவாக இருந்தால், அல்லது இழுவிசை குறைந்த மெல்லிய தந்திகள் இருந்தால், பாரின் சொந்த எடையே தந்தியைத் தாழ்த்திச் சுருதியை உயர்த்திவிடும். சாதாரணக் கிட்டாரின் தலைப்பக்கத்தில் தந்திகளை உயர்த்தும் தாங்கியான நட்டு வைத்து ஹவாயன் கிட்டாராக மாற்றியவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு 200 கிராமுக்கு உட்பட்ட பாரையே பரிந்துரைப்பேன்.

ஓர் எளிய சோதனை: பாரைத் தந்திகள்மேல் கிடத்தி, விரல்கள் வழிகாட்ட மட்டும் இருக்க, சற்றும் அழுத்தாமல் ஒரு தந்தியை மீட்டுங்கள். ஒலி தெளிவாக வந்தால் எடை போதும். தெளிவுக்காக அழுத்த வேண்டியிருந்தால் பார் உங்கள் தந்திகளுக்கு இலேசானது.

எந்தப் பொருளில் செய்த பார் நல்லது?

எடையையும் மேற்பரப்பையும் தீர்மானித்த பிறகு வர வேண்டிய கேள்வி இது. பலர் இதிலிருந்தே தொடங்கிக் குழம்புகிறார்கள்.

குரோம் பூசிய எஃகு மிகப் பரவலானது. பூச்சு கடினமாகவும் மிகவும் வழவழப்பாகவும் இருப்பதால் தந்தி உராயும் சத்தம் குறைவு. கீழே விழுந்து பூச்சு பெயர்ந்தால் அந்த இடம் தந்தியை அரிக்கும். அந்தப் பாரைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பூச்சு இல்லை என்பதால் கீறல் விழுந்தாலும் மறுபடி தேய்த்து மெருகேற்றலாம். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றிலும், வியர்வை அதிகம் சுரக்கும் கைகளிலும் இதுவே நீண்ட நாள் தாங்கும்.

பித்தளை, எஃகைவிடச் சற்றுக் கனமானது. அதன் ஒலி உருண்டு, மேல் சுரங்கள் சற்று மங்கிக் கேட்கும் என்பது வாசிப்பவர்களின் பொதுவான அனுபவம். ஆனால் மென்மையான உலோகம். எஃகுத் தந்தி நாளடைவில் அதில் கோடு போட்டுவிடும். கையிலும் கறை படியும்.

கண்ணாடியின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் நாதம் விரைவில் தேய்கிறது. அதற்கு ஈடாக ஒலியின் கூர்மை தணிந்து மென்மை கிடைக்கிறது. ஒலிப்பதிவில் ஒரு குறிப்பிட்ட நிறம் வேண்டும்போது அது அழகு. தினசரிப் பயிற்சிக்கு ஏற்றதல்ல. செராமிக் பார்கள் கண்ணாடிக்கும் எஃகுக்கும் நடுவில் நிற்கின்றன, விலையும் அதிகம்.

மின்னொலிக் கருவியில் இன்னொரு வேறுபாடு உண்டு. உலோகப் பார் உங்கள் கையைத் தந்திகள் வழியாகக் கருவியின் மின் நிலத்தோடு (எர்த்) இணைக்கிறது. அதனால் இரைச்சல் தணிகிறது. கண்ணாடியும் செராமிக்கும் மின்சாரத்தைக் கடத்தாதவை என்பதால், வேறு விரல் எதுவும் தந்தியைத் தொடாத நேரத்தில் ‘ஹம்’ எழுவதைக் கேட்கலாம். பார் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

விரலில் மாட்டும் ஸ்லைடு குழாய் என்னிடம் இருக்கிறது. அதை வைத்தே வாசிக்கலாமா?

கருவி மடியில் கிடக்கும்போது அது சரிவராது. குழாய் உள்ளே வெறுமையானது, எனவே எடை குறைவு. விரலில் மாட்டியிருப்பதால் சாய்க்கவும் முனையால் ஒற்றைத் தந்தியைத் தொடவும் முடியாது. கருவியை நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் ப்ளூஸ் முறைக்கு உரிய பொருள் அது.

இந்திய ராக இசை வாசிப்பவர்களுக்குத் தனியாக ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

கவனிக்க வேண்டும். ஹவாயன் கிட்டார் இந்தியாவில் வேர்விட்டது முக்கியமாகக் கொல்கத்தா வழியாக. ஹவாயன் இசைக் குழுவான டவ் மோ குடும்பத்தார் 1940களில் அங்கே தங்கி வாசித்தும் கற்றுக்கொடுத்தும் வந்தார்கள். பிறகு, அலி அக்பர் கானிடம் பயின்ற பிரிஜ் பூஷண் காப்ரா அந்தக் கருவியை ஹிந்துஸ்தானி ராக மேடைக்கு உயர்த்தினார். விஸ்வ மோகன் பட் தம் மோகன வீணையால் 1994இல் கிராமி விருது பெற்றார். தேபாஷிஷ் பட்டாச்சார்யா சதுரங்கி போன்ற கருவிகளையே புதிதாக வடிவமைத்தார்.

இந்த வாசிப்பில் இணைச்சுரங்களுக்கு இடமில்லை. பாரைச் சாய்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரே தந்தியில் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் நீண்ட ‘மீண்ட்’ இழுப்புகளும், நுணுக்கமான அசைவுகளும், ‘தான்’ எனப்படும் வேகமான சுரக்கோவைகளுமே உயிர். ஆகவே எல்லாத் தந்திகளையும் மூடும் நீளம் கட்டாயமல்ல. பாரின் முனை கூர்மையாகக் கட்டுப்படுவதும், மேற்பரப்பு குறையின்றி இருப்பதும் அதைவிட முக்கியம். மெல்லிய புல்லட் பார் இதற்கு மிகவும் ஏற்றது. ஒரு மீட்டலில் நான்கைந்து சுரங்களை இழுத்துச் செல்ல வேண்டியிருப்பதால் நாதம் நீடிக்கவும் வேண்டும். விட்டத்தைக் கூட்டாமல், பிடிக்க வசதியான எல்லைக்குள் நீளத்தைச் சற்றுக் கூட்டி எடையைப் பெறுவது நல்ல வழி.

கர்நாடக இசை பயில்பவர்களுக்குச் சித்திரவீணை இருக்கிறது. கோட்டுவாத்தியம் என்று நம் முன்னோர் அழைத்த இந்தக் கருவியில் ஃப்ரெட்டே இல்லை. கருங்காலி போன்ற கனமான மரத்தில் கடைந்த உருளையால் வாசிப்பது பழைய வழக்கம். சித்திரவீணை ரவிகிரண் டெஃப்லான் உருளையைப் பயன்படுத்துகிறார். டெஃப்லானின் அடர்த்தி 2.2 மட்டுமே என்றாலும், உராய்வு மிகக் குறைவு என்பதால் கமகங்களின் வேகத்துக்கு அது இடம் கொடுக்கிறது. ஸ்டீல் கிட்டாரில் கர்நாடகக் கமகம் வாசிக்க முயல்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு செய்தி இருக்கிறது: கனத்தில் சிறிது விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்வது அவர்களுக்கு நியாயமான பேரம். சுமார் 150 கிராம் பாரில் தொடங்கிப் பார்க்கலாம்.

பார் கையிலிருந்து வழுக்குகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் பிடியைத் திருத்தினாலே போதும். ஆள்காட்டி விரல் பாரின் மேலே நீளவாக்கில் அமர வேண்டும்; கட்டைவிரலும் நடுவிரலும் இருபுறமும் அணைத்துக்கொள்ள வேண்டும்; மோதிர விரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னால் தந்திகள்மேல் மெல்லப் படுத்திருக்க வேண்டும். பின்னால் படுத்த விரல்கள் பாருக்கும் கருவியின் தலைக்கும் இடையே எழும் தேவையற்ற அதிர்வை அடக்குகின்றன. அதோடு, பாருக்குத் துணையாகவும் நிற்கின்றன. இந்த இரண்டு விரல்களையும் தூக்கி வைத்துக்கொண்டு வாசிப்பவருக்கு எந்தப் பாரும் வழுக்கத்தான் செய்யும்.

வாசிக்கத் தொடங்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பாரையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக்கொள்ளவும். அதற்குப் பிறகும் வழுக்கினால், பக்கவாட்டுப் பள்ளமுள்ள வடிவத்துக்கு மாறலாம். தந்தியைத் தொடும் பரப்பில் எதையும் பூசவோ சுற்றவோ கூடாது.

நகர்த்தும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. பாரின் குறையா, தந்தியின் குறையா?

மேலே கம்பி சுற்றிய தந்திகளில் மட்டும் வந்தால் அது தந்தியின் இயல்பு. தட்டைச் சுற்றுள்ள தந்திகளுக்கு மாறினால் பெருமளவு குறையும். ஒலி சற்று மந்தமாகும். சுற்றில்லாத முதல் இரண்டு தந்திகளிலும் கரகரப்பு கேட்டால் குறை பாரில்தான். ஜன்னல் ஓரம் நின்று, பாரை மெல்ல உருட்டி, அதன்மேல் விழும் வெளிச்சக் கோட்டைப் பாருங்கள். கோடு எங்கே நெளிகிறதோ உடைகிறதோ அங்கே கீறலோ குழியோ இருக்கிறது. நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். அழுத்தி வாசிப்பதும் இந்தச் சத்தத்தைப் பெருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்காமல் உள்ளூர் லேத் பட்டறையில் செய்துகொள்ள முடியுமா?

தாராளமாக முடியும், நன்றாகவும் இருக்கும். நம் ஊர்களில் இசைக்கருவிக் கடைகளில் நல்ல பார் கிடைப்பது அரிது என்பதால் இதை மனமார ஊக்குவிக்கிறேன்.

304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பித் துண்டு ஒன்றை 20 அல்லது 22 மி.மீ. விட்டத்தில் கேளுங்கள். 20 மி.மீ. விட்டம், 75 மி.மீ. நீளம் என்றால் சுமார் 186 கிராம் வரும், 22 மி.மீ. விட்டம், 80 மி.மீ. நீளம் என்றால் 240 கிராம். ஒரு முனையை அரைக்கோளமாகக் கடைந்து, மறு முனையின் விளிம்பை மட்டும் மழுக்கி, நடுவில் கட்டைவிரல் நுனி அமரும் அளவுக்கு ஆழமில்லாத ஒரு குழி போடச் சொல்லுங்கள். வரைபடம் ஒன்றைக் கையால் வரைந்து அளவுகளைக் குறித்துக் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது.

கடைந்து முடித்தவுடன் கண்ணுக்குப் பளபளவென்று தெரியும். அதை நம்பிவிடக் கூடாது. லேத் உளி விட்டுச்சென்ற மிக நுண்ணிய வளையங்கள் பாரைச் சுற்றி இருக்கும். லேத்தில் சுழலும்போதே உப்புத்தாளால் 400, 800, 1200, 2000 என்று படிப்படியாக மெருகேற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் முந்தைய தாளின் கோடுகள் முழுவதும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். கடைசியாகப் பாத்திரங்களுக்கு மெருகு போடும் பஃபிங் சக்கரத்தில் ஒரு முறை கொடுத்தால் வேலை முடிந்தது. பஃபிங்கில் அதிக நேரம் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே பள்ளம் விழுந்து நேர்த்தன்மை கெடும். அதைச் சோதிக்க, தட்டையான தடித்த கண்ணாடிமேல் பாரை வைத்து உருட்டி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் நடுத்தந்திகள் சரியாகத் தொடாமல் அதிரும்.

வெற்றுக் குழாய், வண்டிப் பிஸ்டனில் உள்ள ‘பின்’ உருளை, பானா சாக்கெட் ஆகியவற்றை வைத்துப் பழகுபவர்களும் இருக்கிறார்கள். சில நாள் முயன்று பார்க்க அவை உதவும். உள்ளே வெறுமை என்பதால் எடை போதாது. பழகும் பாரில் வரும் கைப்பழக்கம் பிறகு மாறுவதற்குச் சிரமப்படும் என்பதால், நிலையாக வாசிக்க முடிவெடுத்ததும் முழு உருளைக்கு மாறிவிட வேண்டும்.

சிறுவர்களுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் என்ன வாங்கலாம்?

நீளத்தைக் குறைக்காமல் விட்டத்தைக் குறைக்கவும். 16 முதல் 19 மி.மீ. வரை விட்டமுள்ள பார் போதும். நாதம் சற்றுக் குறைந்தாலும் பிடி சரியாக அமைவதே அந்த வயதில் முதன்மையானது. வளர்ந்த பின் கனமான பாருக்கு மாறுவதற்குச் சில வாரங்களே பிடிக்கும். தவறான பிடியை மாற்றுவதற்கு அதைவிட மிக அதிகக் காலம் ஆகும்.

ஒரு பார் போதுமா, பல வேண்டுமா?

முதல் ஓராண்டுக்கு ஒன்றே போதும், ஒன்றே நல்லது. பார் மாறும்போதெல்லாம் எடையும் சமநிலையும் மாறுவதால், எங்கே நிறுத்த வேண்டும் என்று கை கற்றுக்கொண்ட கணக்கு குலைகிறது. சுருதி நிலைத்த பிறகு, அதே விட்டத்தில் வேறு பொருளிலோ, அதே பொருளில் வேறு எடையிலோ இரண்டாவது ஒன்றை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு அம்சங்களை ஒரே நேரத்தில் மாற்றினால் எந்த மாற்றத்தால் ஒலி மாறியது என்று தெரியாமல் போகும்.

பாரை எப்படிப் பாதுகாப்பது?

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, தனியாக ஒரு துணிப்பையில் வைக்கவும். கிட்டார் பெட்டியில் பிக்குகள், சாவிகள், மாற்றுத் தந்திகளோடு சேர்த்துப் போட்டால் அவை கீறிவிடும். சிமென்ட் தரையிலும் மொசைக் தரையிலும் வாசிப்பவர்கள் காலடியில் ஒரு ஜமுக்காளம் விரித்துக்கொள்வது நல்லது. கீழே விழுந்த பாரை மறுபடி தந்திமேல் வைக்கும் முன், முனை விளிம்பை விரலால் தடவிப் பார்க்கவும். அங்கே எழுந்திருக்கும் சிறு பிசிறு ஒரே இழுப்பில் தந்தியை அறுத்துவிடக் கூடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் 1200 தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, 2000 தாளால் முடித்துக்கொள்ளலாம். குரோம் பூச்சு பெயர்ந்திருந்தால், சேதமில்லாத பக்கத்தை விரலால் தடவி அடையாளம் வைத்துக்கொண்டு, புதிய பார் வரும்வரை உருட்டாமல் அந்தப் பக்கத்தாலேயே வாசிக்கலாம்.